களர், உவர் நிலப் பரீக்ஷையும் பள்ளிச் சோதனைச்சாலைப் பழக்கமும்

நிலத்தின் குணத்தையும் நீரின் குணத்தையும் அறிந்து பயிரிடுதல் விவசாயத்தின் முதற்படியாகும். கண்ணால் பார்த்தும், கையால் பிசைந்தும், நாவால் சுவைத்தும் இவ்விரண்டையும் மதிப்பிடுவது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். அம்மதிப்பு பல சமயங்களில் சரியாகவே இருக்கும். ஆயினும், பணம் செலவிட்டு நிலத்தைத் திருத்தப் புகும்பொழுது அது மட்டும் போதாது. மண்ணில் உள்ள உப்பு எது, நீரில் உள்ள காரம் எவ்வளவு என்று கூற ரஸாயனப் பரீக்ஷை வேண்டும். அப்பரீக்ஷைக்குரிய கைப்பழக்கம் மேல்நிலைப் பள்ளிகளின் சோதனைச்சாலைகளில் மாணாக்கருக்குக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அதனை ஊர் நிலத்துக்குப் பயன்படுத்தும் வகையும், அதில் தவறு நேரும் இடங்களும் கீழே விவரிக்கப்படும்.

சாயம் காட்டும் உண்மை

திருநெல்வேலி ஜில்லாவில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைச் சேர்ந்த பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையைப் பசுமையாக அறுத்துக் கீறி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திச் சாயமிட்டு நெய்வது அங்குள்ள வழக்கம். சிவப்புச் சாயத்துக்குப் பழைய முறையில் சப்பாங்கட்டை பயன்பட்டது. இக்கட்டையின் சீவல்களை நீரில் கொதிக்கவைத்து வடித்தால் செந்நிறச் சாயநீர் கிடைக்கும். அதில் சிறிது எடுத்து எலுமிச்சஞ்சாறு விட்டால் நிறம் மஞ்சளாக மாறும். வேறொரு பங்கில் சலவைச் சோடாக் கரைசலை விட்டால் ஆழ்ந்த சிவப்பாகும். புளிப்புள்ள பொருள் ஒரு நிறத்தையும், காரமுள்ள பொருள் மற்றொரு நிறத்தையும் தருகின்றன. ஆகையால் சாயம் காய்ச்சும் நீரின் குணம் மாறினால் சாயத்தின் சாயலும் மாறக்கூடும்.

இதே உண்மை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்ததே. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி நீர் சிவக்கிறது. சுண்ணாம்பின் காரமே அதற்குக் காரணம். பள்ளிச் சோதனைச்சாலையில் லிட்மஸ் தாள், பினால்ப்தலீன், மெதைல் ஆரஞ்சு என்ற பெயர்களுடன் இருக்கும் நிறங்காட்டிகள் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கருவியும் மருந்தும் புதியனவாகத் தோன்றினாலும், அவற்றின் அடிப்படை கிராமத்துக்குப் புதிதன்று.

மாணாக்கர் தம் கையால் சோதனை செய்தே ரஸாயனம் கற்க வேண்டும் என்ற முறையை ஜெர்மனியில் கீஸன் நகரில் 1824 முதல் பெயர் பெறச் செய்தவர் லீபிக் என்பவர். பயிருக்கும் மண்ணுக்கும் உள்ள ரஸாயனத் தொடர்பை விளக்கி 1840-இல் பிரசித்தமான நூலை வெளியிட்டவரும் அவரே. பள்ளிச் சோதனைச்சாலையும் விவசாய ரஸாயனமும் ஒருவரிடமே சேர்ந்து வளர்ந்தன என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. சென்னை ராஜதானியில் 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயக் கல்வி, பின்னர் 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது.

களர் வேறு, உவர் வேறு

பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் ஒன்றாகச் சொல்லுவதுண்டு. ஆனால் அவற்றின் குணமும் பரிகாரமும் வெவ்வேறு.

உவர் நிலத்தில் கரையும் உப்புக்கள் மிகுந்திருக்கும். வெயிற்காலத்தில் மேற்பரப்பில் வெண்மையாகப் பூக்கும். நல்ல நீரைப் பாய்ச்சித் தேக்கி, வடிகால் வழியே கழித்தால் உப்புக் கரைந்து நீங்கும். ஜிப்சம் இடுவது இதற்கு வேண்டாத செலவு.

களர் நிலத்தில் சோடியம் மண்ணின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். அத்துகள்கள் ஈரத்தில் குழைந்து காற்றும் நீரும் புகாதபடி மண்ணை அடைத்துவிடும். உலர்ந்தபோது கட்டியாக இறுகும். சில இடங்களில் மக்கு கரைந்து மேலே கறுப்பாகப் படியும். இதனை நீரால் மட்டும் கழுவ இயலாது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கிய பின்பே நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரமும் துணை செய்யும்.

இரண்டு குணமும் கலந்த நிலமும் உண்டு. அதனை உவர் என்று மட்டும் கருதி ஜிப்சம் இடாமல் கழுவினால், கரையும் உப்பு நீங்கிச் சோடியம் மட்டும் தங்கும்; முன்னர் ஓரளவு விளைந்த நிலம் பின்னர் இறுகி விளையாமற்போகும். வெறும் உவர் நிலத்தைக் களர் என்று கருதினால், வண்டி வண்டியாக இட்ட ஜிப்சத்தின் விலை வீணாகும். பரீக்ஷையைச் செவ்வையாகச் செய்யவேண்டிய அவசியம் இதனால் விளங்கும்.

மண் எடுக்கும் முறை

சோதனைச்சாலையில் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், எடுத்து வந்த மண் அந்நிலத்துக்குப் பிரதிநிதியாக இல்லாவிடின் பயனில்லை. பிசான அறுவடை முடிந்தபின், கார் சாகுபடிக்கு உழுமுன் மண் எடுப்பது நன்று. வரப்போரம், எருக்குப்பை இருந்த இடம், மரநிழல், வாய்க்காலை அடுத்த இடம் ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். புல்லையும் சருகையும் நீக்கி, மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, அக்குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் இவ்வாறு எடுத்ததைச் சுத்தமான துணியில் கொட்டிக் கலந்து பரப்பி, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகள் இரண்டை நீக்க வேண்டும். அரைக் கிலோ அளவு மிஞ்சும்வரை இதனைத் திரும்பச் செய்து நிழலில் உலர்த்தவேண்டும்.

களர், உவர் என்று சந்தேகமுள்ள நிலத்தில் மேல்மண்ணோடு நிற்றலாகாது. 15, 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்கள்வரை அடுக்கடுக்காகத் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். பூத்த உப்பைத் தனியாகச் சுரண்டி வைக்கவேண்டும். உரச்சாக்கில் மண்ணைக் கொண்டுவருதல் பெருந்தவறு. சாக்கில் ஒட்டியிருக்கும் உரம் மண்ணின் குணமாகக் கணக்காகிவிடும். சர்வே எண், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டை ஒவ்வொரு பையிலும் இடவேண்டும்.

மண் வடிநீர் தயாரித்தல்

உலர்ந்த மண்ணை மரக்கட்டையால் தட்டிப் பொடித்துச் சலித்து, 20 கிராம் நிறுத்து, 50 மில்லிலிட்டர் வாலைநீர் சேர்த்து, அரைமணி நேரம் இடையிடையே குலுக்கிப் பின் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை வடிதாள் வழியே வடிக்கவேண்டும். வடிதாளை நான்காக மடித்துப் புனலில் பொருத்தி, முதலில் வாலைநீரால் நனைத்து ஒட்டவைத்தல் வேண்டும். நீரைக் கண்ணாடிக் கோல் வழியாக மெல்ல ஊற்ற வேண்டும். தாளின் விளிம்புக்கு மேல் ஏறவிடலாகாது.

வாலைநீருக்குப் பதிலாகக் குழாய்நீரோ கிணற்றுநீரோ சேர்த்தால், அந்நீரிலுள்ள உப்பும் மண்ணின் உப்பாகத் தோன்றும். ஆதலால் ஒவ்வொரு பரீக்ஷையிலும் மண்ணில்லாத வாலைநீரை மற்றொரு குழாயில் எடுத்து, அதே மருந்துகளை அதே அளவில் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இதற்கு வெற்றுச் சோதனை என்று பெயர். வெற்றுச் சோதனை செய்யாத முடிவை ஒப்புக்கொள்ளலாகாது.

எளிய பரீக்ஷைகள் ஐந்து

1. தெளிவுப் பரீக்ஷை: மண்ணையும் வாலைநீரையும் கண்ணாடிக் குழாயில் குலுக்கி நிறுத்தவேண்டும். உவர் மண் விரைவில் படிந்து மேல்நீர் தெளியும். களர் மண் நெடுநேரம் கலங்கியே நிற்கும். செலவில்லாத இச்சோதனை முதல் அறிகுறியாகும்; முடிவன்று.

2. நிறப் பரீக்ஷை: வடிநீரில் பினால்ப்தலீன் இரண்டு துளி விடவேண்டும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால் காரம் மிகுதி. களர் என்று சந்தேகிக்க இடமுண்டு. நிறமற்று நின்றால் அவ்வளவு காரமில்லை. சோடாவாலோ சோப்பாலோ கழுவி நன்றாய் அலசாத குழாயும் இளஞ்சிவப்பைத் தரும். ஆகையால் குழாய்களை இறுதியில் வாலைநீரால் அலசவேண்டும். மஞ்சள் தாளும் காரத்தில் செம்பழுப்பாக மாறும். பள்ளியில்லாத ஊரிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

3. நுரைப் பரீக்ஷை: உலர்ந்த மண்ணின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டால் சில மண் நுரைக்கும். அம்மண்ணில் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பது இதன் பொருள். இத்தகைய களர் நிலத்தில் ஜிப்சத்துக்குப் பதில் கந்தகம் இடுவதையும் ஆலோசிக்கலாம்; அது மண்ணில் அமிலமாகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை வெளிப்படுத்தும்.

4. குளோரைடுப் பரீக்ஷை: வடிநீரில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பின் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சில துளி விட்டால், தயிர்போல் வெண்மையாகத் திரளும். அது அம்மோனியாவில் கரையுமாயின் குளோரைடு உண்டு. இவ்விடத்தில் நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் எந்த நீரிலும் வெண்மை திரளும். அமிலத்திலேயே குளோரைடு இருக்கிறது. அமிலம் சேர்க்காமலே விட்டாலும் கார்பனேட்டு திரண்டு ஏமாற்றும்.

5. சல்பேட்டுப் பரீக்ஷை: வடிநீரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும் சேர்த்தால், கரையாத வெண்படிவு தோன்றுவது சல்பேட்டைக் காட்டும். முன்பு ஜிப்சம் இட்ட நிலத்தில் இப்படிவு இயல்பாகவே வரும். ஆகவே நிலத்தின் சென்ற வருட வரலாற்றையும் கேட்டறிந்து முடிவு கூறவேண்டும்.

மேல்நிலை வகுப்பு மாணாக்கர் உப்புப் பகுப்பாய்வு என்ற பெயரில் பயிலும் சோதனைகளில் பல இவையே. பரீக்ஷைக்காகக் கொடுக்கப்படும் உப்பில் விடை முன்னமே ஒன்று உண்டு. வயல் மண்ணில் அவ்வாறில்லை. கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

கிணற்று நீரைத் தரம் பார்த்தல்

கால்வாய் நீர் எட்டாத நிலங்களில் கிணற்று நீரே பாசனத்துக்கு ஆதாரம். நல்ல நிலத்தையும் காரமுள்ள நீர் நாளடைவில் களராக்கிவிடும். நீரிலுள்ள கார்பனேட்டு, பைகார்பனேட்டு இரண்டின் கூட்டுத் தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத் தொகையைக் கழித்தால் வருவது எஞ்சிய சோடியம் கார்பனேட்டு எனப்படும். இக்கணக்கை 1950-இல் ஈட்டன் என்பவர் வெளியிட்டார். இவ்வளவு லிட்டருக்கு 1.25 மில்லிச் சமானத்துக்குட்பட்டால் நீர் பாசனத்துக்கு உகந்தது, 1.25 முதல் 2.5 வரை ஐயத்துக்குரியது, 2.5-க்கு மேல் உதவாது.

கார்பனேட்டு, பைகார்பனேட்டுத் தொகையைப் பள்ளியிலுள்ள பியூரெட்டால் அறியலாம். 50 மில்லிலிட்டர் கிணற்று நீரைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்து, மெதைல் ஆரஞ்சு இரண்டு துளி சேர்த்து, 0.02 நார்மல் கந்தக அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு, மஞ்சள் நிறம் செம்மஞ்சளாக மாறும் முதல் துளியில் நிறுத்தவேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு கிணற்று நீருக்கு 10.5 மில்லிலிட்டர் அமிலம் செலவானால், 10.5 ஐ 0.02 ஆல் பெருக்க 0.21 வரும். இது 50 மில்லிலிட்டரில் உள்ளது. லிட்டருக்கு 20 மடங்காக 4.2 மில்லிச் சமானம். அந்நீரில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 2.0 என்றால் எஞ்சுவது 2.2. நீர் ஐயத்துக்குரியது, ஜிப்சம் சேர்த்தும், கால்வாய் நீருடன் கலந்தும் எச்சரிக்கையாகப் பயன்படுத்தலாம்.

இதே நீரைச் சோதித்த மாணாக்கன் பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இருந்ததைக் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அமிலம் விடும்போது குமிழி வெளியேறி, அவ்விடத்தை 1 மில்லிலிட்டர் அமிலம் நிரப்பினால் செலவு 11.5 என்று தெரியும். கணக்கு 4.6 ஆகி, எஞ்சுவது 2.6 ஆகும். நீர் உதவாது என்று முடிவு வரும். ஒரு சிறு குமிழியால் பயன்படத்தக்க கிணறு ஒன்று கைவிடப்படலாம். அல்லது கடன்பட்டுப் புதுக் கிணறு வெட்ட நேரிடலாம். கைப்பழக்கத்தின் மதிப்பு இதனால் அறியத்தக்கது.

ஆகவே பின்வரும் விதிகள் தவறலாகாது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அவற்றில் நிரப்பவேண்டிய கரைசலாலேயே ஒருமுறை அலசவேண்டும். கூம்புக் குடுவையை வாலைநீரால் மட்டுமே அலசவேண்டும். சோதிக்கும் நீரால் அலசினால் சுவரில் ஒட்டிய நீர் அளவைக் கூட்டிவிடும். நிரப்பப் பயன்பட்ட புனலைப் பியூரெட்டின் மேலிருந்து எடுத்துவிடவேண்டும். நுனிக் குமிழியைத் திருகைத் திறந்து வெளியேற்ற வேண்டும். அளவைப் பார்க்கும்பொழுது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கவேண்டும். நிறமற்ற நீரில் கீழ்வளைவையும், பெர்மாங்கனேட்டு போன்ற கருநிற நீரில் மேல்விளிம்பையும் படிக்கவேண்டும். பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளலாகாது. ஒரே முறையோடு நில்லாமல், 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்த இரண்டு அளவுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்யவேண்டும்.

இப்பழக்கம் நீரோடு முடிவதன்று. மேல்நிலை வகுப்பில் தரம் பார்க்கப் பயன்படும் பெரஸ் அமோனியம் சல்பேட்டு என்ற உப்பே, 1934-இல் வாக்லி, பிளாக் என்பவர்கள் வகுத்த முறையில் மண்ணின் மக்குச் சத்தை அளக்கவும் பயன்படுகிறது.

ஆபத்து விலக்கும் வழி

கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்பொழுது அமிலத்தையே நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கடுஞ்சூடு உண்டாகித் தெறிக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சலாகாது. ரப்பர்க் குமிழைப் பயன்படுத்த வேண்டும். சோதனைக் குழாயைச் சூடாக்கும்பொழுது அதன் வாய் எவர் முகத்துக்கும் எதிரில் இருத்தலாகாது. ஆவியை முகரவேண்டின் கையால் விசிறிச் சிறிதே முகரவேண்டும். கண்ணாடி அணிந்து கண்ணைக் காத்தல் அவசியம். வெள்ளி நைட்ரேட்டு தோலைக் கறுக்கச் செய்யும். பேரியம் உப்பு விஷமுள்ளது. ஆகையால் இச்சோதனைகளை உபாத்தியாயர் முன்னிலையிலன்றி மாணாக்கர் தனியே செய்யலாகாது. மருந்துகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் விடலாகாது.

பள்ளியின் எல்லை

பள்ளிச் சோதனை சந்தேகத்தை எழுப்பவும், எந்த நிலத்து மண்ணை முதலில் அனுப்பவேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் உதவும். ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் என்பதை அதனைக்கொண்டு முடிவு செய்யலாகாது. அதற்கு அரசாங்க மண் பரிசோதனை நிலையத்தின் அளவே பிரமாணம். அங்கே கார அமில நிலையையும், உப்பின் மின்கடத்துதிறனையும் கருவிகளால் அளப்பர். பரீக்ஷை அறிக்கையைப் படிக்கும்பொழுது ஒன்று கவனிக்கவேண்டும்: மண்ணை நீரால் நிறைவுபடச் செய்து எடுத்த சாற்றில் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் என்று கூறுவது வழக்கம். இரண்டரை மடங்கு நீர் சேர்த்து அளந்த எண்ணோடு இவ்வெல்லையை ஒப்பிடலாகாது. நீர் கூடினால் எண் குறையும். எவ்விகிதத்தில் அளந்தது என்று கேட்டறிந்தே முடிவு செய்யவேண்டும். ஒன்றிய அரசு 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் பெற்ற அட்டை இருப்பின், பள்ளிச் சோதனையின் முடிவை அதனோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

ஊரார் செய்யத்தக்கவை

நிலமுடையோரும் கிராம நிர்வாக அலுவலரும் தலைமையாசிரியரைக் கலந்து, வருடத்துக்கு ஒரு முறையேனும் ஊரிலுள்ள கிணறுகளின் நீரையும் சந்தேகமுள்ள வயல்களின் மண்ணையும் மாணாக்கரைக்கொண்டு சோதிக்க ஏற்பாடு செய்யலாம். சர்வே எண் வாரியாக ஒரு பதிவேடு வைத்து, சோதித்த தேதி, கண்ட முடிவு, வெற்றுச் சோதனையின் முடிவு, பின்னர் இட்ட உரம், கண்ட விளைச்சல் ஆகியவற்றை எழுதிவந்தால், சில வருடங்களில் அவ்வூர் நிலத்தின் வரலாறு கைக்கு வரும். வாலைநீர், வடிதாள், மருந்துகள் ஆகியவற்றுக்கு ஆகும் சிறு செலவை நிலமுடையோர் பகிர்ந்துகொள்ளுதல் தகும். வேளாண்மை அலுவலர்களிடம் இப்பதிவேட்டைக் காட்டினால், எம்மாதிரியை நிலையத்துக்கு அனுப்புவது என்பதை அவர்கள் எளிதில் கூறுவர்.

கவனிக்கவேண்டியவை

1. மாதிரி தவறினால் பரீக்ஷை முழுவதும் தவறு.
2. வாலைநீரும் வெற்றுச் சோதனையும் இன்றிச் செய்த சோதனையை நம்பலாகாது.
3. உவருக்கு நீரும் வடிகாலும். களருக்கு ஜிப்சமும் வடிகாலும். வடிகாலின்றி எப்பரிகாரமும் பலிக்காது.
4. இரண்டு குணமும் கலந்த நிலத்தை ஜிப்சம் இடாமல் கழுவலாகாது.
5. ஒத்த இரண்டு அளவுகள் கிடைக்குமுன் கணக்கிடலாகாது.
6. ஜிப்சத்தின் அளவை அரசாங்க நிலைய அறிக்கையைக்கொண்டே முடிவு செய்யவேண்டும்.

சோதனைச்சாலையில் பிள்ளைகள் ஒரு துளிக்கும் கணக்குக் காட்டப் பழகுகின்றனர். அப்பழக்கத்தை வயலுக்கும் கிணற்றுக்கும் கொண்டுவந்தால், நிலத்தைத் திருத்தச் செலவிடும் பணம் உரிய இடத்தில் சென்று பலன் தரும். குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் வரும் பிசான அறுவடைக்குப் பின் இம்முயற்சியைத் தொடங்கி நற்பயன் அடைவார்களாக.